மெஷின் எம்பிராய்டரிக்கு, கீழ் நூலுக்கான சின்ன உருளையான பாபினில் நூலை நாமே சுற்றலாமா? நான் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து மேல்பக்கம் வெள்ளை நூல் எட்டிப் பார்க்கிறது. சுற்றிய பாபினையே வாங்கிவிடலாமா?

தாராளமாக நாமே சுற்றலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். நடுவில் ஒரு வருடம் போல, கடையில் சுற்றியே கிடைக்கும் பாபின்களை மட்டும் போட்டுத் தைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் சொந்தமாகச் சுற்றுவதற்கே வந்துவிட்டேன். ஆனால் எப்படியாவது சுற்றினால் சரி என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். எம்பிராய்டரியில் வரும் தொந்தரவுகளில் நிறைய, மெஷினில் உட்காருவதற்கு முன்பே, பாபின் சுற்றும் அந்த இரண்டு நிமிடத்தில் உண்டாகிவிடுகின்றன.

எந்த நூலைச் சுற்றுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரணத் தையலில் மேலும் கீழும் ஒரே நூல் போடுவோம். எம்பிராய்டரியில் அது சரிப்படாது. மேலே ஓடும் பளபளப்பான ரேயான், பாலியெஸ்டர் நூல் பெரும்பாலும் 40ஆம் நம்பர். கீழே 60 அல்லது 90. இந்தக் கணக்கில் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஒரு பூவை நிரப்பவே ஆயிரக்கணக்கில் தையல் விழுகிறது. கீழ் நூலும் தடிமனாக இருந்தால் அந்த இடம் அட்டை போல விறைத்துவிடும். மெல்லிய நூல் என்றால் ஒரே பாபினில் கூடுதல் மீட்டரும் ஏறும், பாதி டிசைனில் நிறுத்தி மாற்றுகிற வேலை குறையும்.

அடுத்தது வேகம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மெல்லிய பருத்தியில் ஒரு குழந்தைச் சட்டைக்கு, நெஞ்சுப் பகுதியில் சின்னப் பூங்கொடி ஒன்று தைத்தேன். துணியை விறைப்பாகப் பிடிக்கும் வளையமான ஹூப்பிலிருந்து எடுத்தபோது துணி படிந்து, அழகாகவே இருந்தது. மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் கொடியைச் சுற்றி சிறு சிறு சுருக்கம். இஸ்திரி போட்டால் படிகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறது. துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் ஸ்டெபிலைசரை மாற்றினேன், ஹூப்பில் துணியை இன்னும் கவனமாக மாட்டினேன், மேல் நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, குறைத்தேன். எதற்கும் பலனில்லை. கடைசியாக பாபினை வெளியே எடுத்து விரலால் அழுத்தினேன். நூல் கல் மாதிரி இருந்தது. அவசரத்தில் முழு வேகத்தில் சுற்றிய பாபின் அது.

பாலியெஸ்டர் நூல் இழுபடும். வேகமாக ஓடும்போது, சுற்றும் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டில் உரசி, நீண்டபடியே போய் பாபினில் ஏறுகிறது. தைத்த பிறகு அது மெல்லத் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். திரும்பும்போது துணியையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும். அதே துணியின் இன்னொரு துண்டில், அதே கொடியை, நிதானமாகச் சுற்றிய பாபினைப் போட்டுத் தைத்தேன். மறுநாளும் படிந்தே இருந்தது. அன்றிலிருந்து பாதி வேகத்துக்கு மேல் நான் சுற்றுவதே இல்லை. இறுக்கிச் சுற்றிய நூல் பிளாஸ்டிக் பாபினின் இரு பக்கத்தையும் வெளியே தள்ளவும் செய்யும். சுற்றும் கம்பியிலிருந்து பாபின் கழலாமல் அடம்பிடித்தால் இந்தச் சந்தேகம் உங்களுக்கு வரவேண்டும்.

நான் சுற்றும் விதத்தைச் சொல்கிறேன். பாபின் காலியாக இருக்க வேண்டும். மிச்சம் இருக்கும் பழைய நூலின் மேல் புது நூலை ஏற்றுவதில்லை, அந்த மேடு கடைசிவரை தொந்தரவு தரும். பெரிய கோனாக இருந்தால் மெஷினுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்து, நூல் நேர்மேலே எழும்பி வளையத்தின் வழியாக வரும்படி செய்கிறேன். கோனைப் படுக்கவைத்தால் நூல் விட்டுவிட்டு வரும். பிறகு டென்ஷன் தட்டு. இரண்டு தட்டுக்கும் நடுவே நூல் முழுமையாக இறங்கியிருக்க வேண்டும். இரு கையாலும் நூலைப் பிடித்து லேசாக இழுத்தால், உள்ளே போய் உட்காருவது விரலுக்கே தெரியும். அது தட்டுக்கு வெளியே ஓடினால் பாபின் பஞ்சு மாதிரி வரும்.

நூல் நுனியை பாபினின் ஓட்டை வழியாக மேலே எடுத்துப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து சுற்று விடுகிறேன். நிறுத்தி, அந்த நுனியை ஓட்டையை ஒட்டியே நறுக்குகிறேன். கால் அங்குலம் விட்டாலும் அது உள்ளே போய்ச் சிக்கும், அடிப்பக்கம் நூல் குருவிக்கூடாகிவிடும். அதன் பிறகு நடு வேகத்தில் ஓடவிட்டு, கண்ணை எடுக்காமல் பார்க்கிறேன். நூல் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று வரிசையாக ஏறி, ஏறிய பரப்பு சமமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் குவிந்து கூம்பு போல வந்தால், டென்ஷன் தட்டின் உயரம் சரியில்லை என்று அர்த்தம். பல மெஷின்களில் ஒரு சிறு திருகைத் தளர்த்தி அதை ஏற்றி இறக்கலாம். விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் குறைய நிறுத்திவிடுகிறேன். ததும்பச் சுற்றினால், பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸில் உரசும்.

சுற்றி முடித்ததும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். உறுதியாக இருக்க வேண்டும், ஆனால் நகம் லேசாகவாவது பதிய வேண்டும். குழைந்து உள்ளே போனால் அதை எம்பிராய்டரிக்குப் போடாதீர்கள்.

இப்போது உங்கள் வெள்ளை நூல் விஷயம். அது அங்கங்கே திட்டுத்திட்டாக வருகிறதா, ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள். திட்டாக வந்தால் சுற்றியதில்தான் கோளாறு: தளர்ந்த இடத்தில் மேல் சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்து, நூல் ஒரு கணம் பிடித்தும் ஒரு கணம் விட்டும் வருகிறது. ஒரே மாதிரி வந்தால் நூலின் தடிமன் மாறியிருக்கும். சுற்றி வந்த பாபினில் 60 இருந்து, நீங்கள் 90 சுற்றியிருந்தால், அந்த மெல்லிய நூல் பாபின் கேஸின் ஸ்பிரிங்குக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும். மேல் நூல் அதைச் சுலபமாக மேலே இழுத்துவிடும்.

பாபின் கேஸ் தனியாகக் கழன்று வரும் மெஷின் என்றால், பாபினை உள்ளே போட்டு நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சரியாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டை ஒரு முறை உதறினால் ஒன்றிரண்டு அங்குலம் இறங்கி மறுபடி நிற்க வேண்டும். தானாகவே இறங்கினால் கேஸின் ஸ்பிரிங்கை இறுக்கும் திருகை, கடிகாரத்தில் பெரிய முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். பிறகு, நெருக்கமாகக் குறுக்கே விழும் சாட்டின் தையலில் ஒரு பட்டை தைத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை, இரு ஓரத்திலும் மேல் நூலின் நிறம். அது வந்துவிட்டால் மேல்பக்கம் வெள்ளை தெரியாது.

சுற்றிய பாபினை வாங்குவதில் தப்பே இல்லை. தொழிற்சாலையில் ஒரே சீராகச் சுற்றுவதால் நூலும் அதிகம் பிடிக்கும், ஒரே டிசைனை ஐம்பது சட்டைக்குத் தைப்பவருக்கு அதுதான் வசதி. வாங்கும்போது அளவை மட்டும் பாருங்கள். எல் வகையும் 15 வகையும் விட்டத்தில் ஏறக்குறைய ஒன்றுதான், உயரம்தான் வேறு. மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கீழ் நூல் தீர்வதைச் சொல்லும் சென்சார் உள்ள சில மெஷின்கள் இரு பக்கமும் அட்டை வைத்த பாபினை ஏற்றுக்கொள்ளாது. கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நான் சொந்தமாகச் சுற்றுவதற்குத் திரும்பி வந்ததற்குக் காரணம் லேஸ். துணியே இல்லாமல், தண்ணீரில் கரையும் ஸ்டெபிலைசரில் தைக்கும் லேஸுக்கு இரண்டு பக்கமும் முன்பக்கம்தான். துவாலை, கழுத்துத்துண்டு இவையும் அப்படியே. இதற்கெல்லாம் மேலே போடும் அதே நூலைத்தான் கீழேயும் சுற்ற வேண்டும். கருநீலம், கிளிப்பச்சை என்று தேவைப்படும் நிறமெல்லாம் சுற்றிய பாபினாகக் கிடைப்பதில்லை. அது 40ஆம் நம்பர் நூல் என்பதால் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் திருகைத் தொடாமல் இருக்க இரண்டாவதாக ஒரு பாபின் கேஸ் வைத்திருக்கிறேன், அதன் மேல் சிவப்பு நகச்சாயத்தில் ஒரு புள்ளி. லேஸ் என்றால் அந்தக் கேஸ்.

நீங்கள் சுற்றிய அந்த பாபினைத் தூக்கிப் போடுவதற்கு முன் நகத்தால் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். திட்டா, தொடர்ச்சியா, நூல் எந்த நம்பர் என்று கருத்தில் எழுதினால் அடுத்து என்ன செய்யலாம் என்று பார்க்கலாம்.