கிராஷ் அறிக்கைக்குச் சொந்தமாக ஒரு சர்வர்

அன்புள்ள ஐயா,

சி++ மொழியில் நான் எழுதிவரும் மென்பொருளில், அது கிராஷ் ஆனால் அறிக்கை எழுதி அனுப்பும் பிரேக்பேட் என்ற நிரலகத்தைச் சேர்த்திருக்கிறேன். கிராஷ் அறிக்கைகள் என் மடிக்கணினிக்கே வரட்டும் என்று அவற்றைச் சேகரிக்கும் மொசில்லாவின் சர்வர் மென்பொருளான சொக்கோரோவை டாக்கரில் நிறுவ முயன்றதில் மூன்று நாட்கள் போய்விட்டன. இதற்கிடையில், கையில் இருந்த ஒரு மினிடம்பை (கிராஷ் ஆன நொடியில் பிரேக்பேட் எழுதிவைக்கும் கோப்பு) பிரித்தால் வெறும் எண்களாக வருகிறது. சொக்கோரோ ஓடத் தொடங்கினால் இது சரியாகிவிடுமா?

க.

அன்புள்ள க.,

ஆகாது. நீங்கள் தேடும் கோளாறு சர்வரில் இல்லை.

சொக்கோரோ பயர்பாக்ஸுக்காகக் கட்டப்பட்டது. அறிக்கையை வாங்க ஒரு சேவை, பிரித்துப் படிக்க ஒன்று, தேடிக் காட்ட இன்னொன்று, பின்னால் தரவுத்தளம். (நியூ மெக்சிகோவில் ரேடியோ தொலைநோக்கி வரிசைக்கு அருகில் உள்ள ஊரின் பெயர்தான் சொக்கோரோ. அறிக்கையை வாங்கும் பகுதிக்கு ஆன்டெனா என்று பெயர்.) கல்யாண அண்டாவில் ஒருவருக்கு ரசம் வைப்பானேன்?

உங்கள் சர்வருக்கு பைதானில் முப்பது வரி போதும். பிரேக்பேட் அனுப்புவது சாதாரணப் படிவப் பதிவேற்றம்தான். 'அப்லோட்_ஃபைல்_மினிடம்ப்' என்ற பெயரில் வரும் கோப்பை பைதானின் வலை நிரலகமான பிளாஸ்க் கொண்டு வாங்கிச் சேமித்துவிட்டு, ஓர் அடையாள எண்ணைத் திருப்பி அனுப்புங்கள். பழைய உதாரண நிரல்கள் பல, படிவங்களைப் படிக்கப் பைதானில் இருந்த சிஜிஐ தொகுதியை நம்பியிருப்பவை, பைதான் 3.13-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. சர்வர் 127.0.0.1-இல், அதாவது உங்கள் கணினிக்குள் மட்டும், இயங்கட்டும். மினிடம்பில் ஸ்டாக் நினைவகம் (ஓடிக்கொண்டிருந்த ஃபங்ஷன்களின் தற்காலிகத் தரவு) அப்படியே வருவதால், யாரோ தட்டச்சு செய்த கடவுச்சொல்கூட அதில் கிடக்கலாம்.

இனி எண்களுக்கு வருவோம். மினிடம்பில் பதிவகங்களும் ஸ்டாக்கும் ஏற்றப்பட்ட தொகுதிகளின் பட்டியலும் இருக்கும். உங்கள் ஃபங்ஷன்களின் பெயர்கள் இருக்காது. அவை சிம்பல் கோப்பில் இருக்கின்றன. பிரேக்பேடின் 'டம்ப்_சிம்ஸ்' கருவி உருவாக்கும் அந்தக் கோப்பின் முதல் வரியிலேயே அந்த பில்டின் அடையாள எண் இருக்கும். சிம்பல் அடைவுக்குள் தொகுதியின் பெயரில் ஓர் அடைவு, அதற்குள் அந்த எண்ணில் ஓர் அடைவு, அதற்குள் கோப்பு. ஓர் எழுத்து பிசகினாலும், மினிடம்பைப் பிரிக்கும் 'மினிடம்ப்_ஸ்டாக்வாக்' கருவி வேலையை நிறுத்தாது. பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் எண்களைக் கொட்டிவிட்டுப் போய்விடும்.

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து டம்ப் வந்தபோது என்னிடம் சிம்பல் இல்லை. மூலநிரல்தான் இருக்கிறதே என்று விண்டோஸில் மறுபடி பில்ட் செய்தேன். ஒரு வரிகூட மாறவில்லை, அடையாள எண் மட்டும் புதிதாக வந்து நின்றது. அந்த டம்ப் இன்றுவரை எனக்குப் புரியாத எண் கோலம்தான்.

ஆகவே சர்வருக்கு முன்னால், பில்ட் ஸ்கிரிப்டில் 'டம்ப்_சிம்ஸ்' வரியைச் சேருங்கள். மென்பொருள் கோப்பின் அளவைக் குறைக்க 'ஸ்ட்ரிப்' செய்வதாக (பெயர்த் தகவல்களை நீக்குவதாக) இருந்தால், இதற்குப் பிறகுதான். வெளியே கொடுக்கும் ஒவ்வொரு பில்டின் சிம்பலையும் பத்திரப்படுத்துங்கள்.

சோதிக்க, வெற்றுச் சுட்டியில் எழுதும் ஒரு பொத்தானை மென்பொருளிலேயே ஒளித்துவையுங்கள். டீபக்கரில் ஓட்டியபடி அதை அழுத்த வேண்டாம். கிராஷை டீபக்கர் முதலில் பிடித்துக்கொள்ளும், உங்கள் சர்வருக்கு எதுவும் வராது.