நியாயம், கோபம், மூளை: கேள்வி பதில்

மனிதர்கள் சேர்ந்து இயங்குவதற்கு மூளை எப்படி உதவுகிறது என்பதுதான் தலைப்பு. வந்த கேள்விகளில் பாதி, உடலில் சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் பற்றி, அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

கேள்வி: ஆக்சிடோசினை மூக்கில் அடித்துக்கொண்டால் அடுத்தவர் மேல் நம்பிக்கை கூடுமாமே?

2005-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு அப்படித்தான் சொன்னது. மருந்தை உறிஞ்சியவர்கள், முன்பின் தெரியாதவரிடம் கூடுதலாகப் பணத்தை ஒப்படைத்தார்கள். 2020-ல் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. நடுவில் 2010-ல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று, அது சொந்தக் குழுவினரிடம் மட்டுமே தாராளத்தைக் கூட்டுகிறது என்றது. 'அன்பு ஹார்மோன்' என்று விற்கும் ஸ்பிரேயை வாங்காதீர்கள்.

கேள்வி: ஆனால் பிரெய்ரி வோல் என்ற எலி அதனால்தானே ஒரே துணையோடு வாழ்கிறது?

அப்படித்தான் நெடுங்காலம் நினைத்தோம். 2023-ல் அந்த ஹார்மோன் வேலை செய்ய ஒட்டிக்கொள்ளும் புரதமான ஏற்பியையே மரபணுத் திருத்தத்தால் நீக்கிப் பார்த்தார்கள். ஜோடி சேர்வது நிற்கவில்லை. மூளை ஒற்றை ரசாயனத்தை நம்பி இருப்பதில்லை.

கேள்வி: நியாய உணர்வு மூளையில் எங்கே இருக்கிறது?

'எங்கே' என்பதை விட்டுவிட்டு ஒரு சோதனையைப் பாருங்கள். ஒருவரிடம் 10 டாலர் கொடுத்து இன்னொருவரோடு பங்கிடச் சொல்வார்கள். மற்றவர் ஏற்றால் இருவருக்கும் பணம், மறுத்தால் இருவருக்கும் பூஜ்யம். 1, 2 டாலர் மட்டும் நீட்டினால் பலர் மறுத்துவிடுகிறார்கள். 2003-ல் அமெரிக்காவில் மூளையை ஸ்கேன் செய்துகொண்டே இதை ஆடவைத்தபோது, அநியாயமான பங்கைக் கண்டதும் இன்சுலா என்ற பகுதியில் செயல்பாடு கூடியது. வலிக்கும் அருவருப்புக்கும் கூடுகிற அதே பகுதி. அதே அற்பத் தொகையைக் கணினி நீட்டியபோது மறுத்தவர்கள் குறைவு. அவர்களைச் சுட்டது தொகை மட்டும் இல்லை, அதை ஒரு மனிதர் நீட்டியதும்தான்.

மறுகேள்வி (வணிகம் படித்த நண்பர்): சும்மா வரும் 2 டாலரை வேண்டாம் என்பவர் முட்டாள். உணர்ச்சி அறிவை மறைக்கிறது, அவ்வளவுதானே?

அப்படியென்றால் நிதானத்துக்கு உதவும் முன்மூளையை மந்தமாக்கினால் மறுப்பு கூட வேண்டும். 2006-ல் சூரிக்கில், காந்தத் துடிப்பால் வலப்பக்க முன்மூளையின் ஒரு பகுதியைச் சற்று நேரம் மந்தமாக்கினார்கள். மறுப்பு குறைந்தது! 'இது அநியாயம்' என்று சொல்லிக்கொண்டே காசை வாங்கிக்கொண்டார்கள். மறுப்பதற்குத்தான் தன்னடக்கம் தேவைப்பட்டிருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இது.

மறுகேள்வி (அதே நண்பர்): இனிமேல் பார்க்கவே போகாத ஒருவரைத் தண்டித்து என்ன லாபம்?

தண்டிப்பவருக்கு இல்லை, அடுத்து அந்த ஏமாற்றுக்காரரிடம் சிக்கப் போகிறவருக்கு. 2004-ல் இன்னொரு சூரிக் ஆய்வில், பண ஆட்டத்தில் துரோகம் செய்தவரைத் தண்டிக்கும்போது மூளையின் வெகுமதிப் பகுதி (பிடித்தது கிடைக்கும்போது இயங்குவது) ஒன்று இயங்கியது. அங்கே செயல்பாடு கூடுதலாக இருந்தவர்கள் தண்டிக்கச் சொந்தக் காசையும் கூடுதலாகச் செலவழித்தார்கள். பழிவாங்குவது இனிக்கிறது சார்.

கேள்வி: கண்ணாடி நியூரான்கள்தானே இரக்கத்துக்குக் காரணம்?

தான் செய்யும்போதும் அதையே அடுத்தவர் செய்வதைப் பார்க்கும்போதும் இயங்கும் நரம்பணுக்கள் அவை. குரங்குகளில் கண்டுபிடித்தது உண்மை. இரக்கத்துக்கு அவைதான் காரணம் என்பது மேடைப்பேச்சு.

கேள்வி: என் மகன் யாரோடும் பழகுவதில்லை. எந்தப் பகுதியில் குறை?

இங்கிருந்து சொல்ல முடியாதம்மா, சொல்பவரை நம்பவும் வேண்டாம். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

கேள்வி: ஆக்சிடோசின் மாத்திரை கிடைக்குமா?

மேலே பாருங்கள்.

கேள்வி: சேர்ந்து வேலை செய்தால் எந்தப் பகுதி 'ஒளிரும்'?

எதுவும் ஒளிராது. ஸ்கேன் படத்தில் தெரியும் நிறம் கணினி பூசுவது. கணக்கில் கவனம் இல்லாவிட்டால் செத்த மீனின் மூளையிலும் புள்ளி தெரியும். 2009-ல் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து அதையும் காட்டினார்கள். 2002-ல் 36 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், இருவர் ஆடும் ஒரு பண ஆட்டத்தில் இருவரும் ஒத்துழைத்தபோது வெகுமதிப் பகுதிகள் இயங்கின. ஆனால் அவை சாப்பாட்டுக்கும் பணத்துக்கும்கூட இயங்கும். ஆகவே படத்தைப் பார்த்து மனதைப் படிக்காதீர்கள். இதை எத்தனை முறை சொல்வதோ!

மறுகேள்வி (அதே நண்பர், விடவில்லை): தொகை பெரிதானால் உங்கள் நியாயவான்கள் என்ன செய்வார்கள்?

இந்த ஒரு இடத்தை உங்களுக்கு விட்டுத்தருகிறேன். வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் 20 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை வைத்து அதே பங்கீட்டு ஆட்டத்தை ஆடவைத்தார்கள். அங்கே 20,000 என்பது பல மாதக் கூலி. அந்தத் தொகையில் மிகச் சிறிய பங்கைக்கூடக் கிட்டத்தட்ட எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் 20 ரூபாய் ஆட்டத்தில் மறுத்தவர்கள் கணிசம். அவர்களையும் முட்டாள் என்பீர்களா?