பிணைகளைக் கவனியுங்கள், கிடா தேடி வரும்: நவம்பர் மான் வேட்டை கேள்வி-பதில்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நவம்பர் மான் வேட்டைக்கு டேக் (மான் சுட அரசு தரும் அனுமதிச் சீட்டு) கிடைத்தவர்கள், அடுத்த குலுக்கலுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் என்று இந்த முறை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பாயிண்ட் என்றால், குலுக்கலில் டேக் கிடைக்காத வருடங்களுக்காகச் சேரும் முன்னுரிமைப் புள்ளி. எல்லாமே மியூல் மானைப் பற்றியவை. கோவேறு கழுதைக்கு இருப்பதுபோல நீண்ட காது, கயிறுபோல மெலிந்த வெள்ளை வால், வால் நுனியில் மை தொட்டதுபோலக் கறுப்பு, இதுதான் அடையாளம். ஆண் மானைக் கிடா என்றும் பெண் மானைப் பிணை என்றும் எழுதுகிறேன். இணைசேரும் பருவத்துக்கு இங்கே எல்லோரும் சொல்லும் 'ரட்' என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

ஐந்து வருடம் பாயிண்ட் சேர்த்து, ஒருவழியாக 4வது ரைபிள் சீசன் (நவம்பரில் ஐந்து நாள் நடக்கும் துப்பாக்கி வேட்டைப் பருவம்) டேக் கிடைத்துவிட்டது அண்ணா. செப்டம்பரில் போய்ப் பார்த்த மலையில் பெரிய கிடாக்கள் இருந்தன. அங்கேயே போய் உட்காரலாமா?

வேண்டாம். செப்டம்பரில் நீங்கள் பார்த்த கிடாக்கள் 10,000 அடிக்கு மேலே, மரங்கள் முடியும் எல்லையை ஒட்டி மேய்ந்துகொண்டிருந்திருக்கும். நவம்பர் மூன்றாவது வாரத்தில் அந்த இடம் வெறிச்சோடிக் கிடக்கும். மான்கள் சேஜ் புதரும் பின்யன், ஜூனிபர் மரங்களும் உள்ள கீழ்ச் சரிவுகளுக்கு இறங்கியிருக்கும். மேற்குக் கொலராடோவின் கன்னிசன் பக்கமும் பிசியன்ஸ் பக்கமும் நவம்பரில் நல்ல வேட்டை அமைவதற்குக் காரணமே இந்த இறக்கம்தான்.

இன்னொன்று. கிடா எங்கே இருக்கும் என்று யோசிப்பதையே இந்தச் சீசனில் விட்டுவிடுங்கள். பிணைகள் எங்கே மேய்கின்றன என்று பாருங்கள். பிணைக்குத் தேவை தீனியும் வெயிலும். அதனால் தெற்குப் பார்த்த சரிவுகளில், பனி சீக்கிரம் கரையும் இடங்களில், ஐந்தும் பத்துமாகக் கூட்டம் போட்டு நிற்கும். வருடம் முழுக்க ஒளிந்து வாழும் பெரிய கிடா, இந்த இரண்டு மூன்று வாரம் மட்டும் ஒவ்வொரு பிணைக் கூட்டமாக ஏறி இறங்கி எந்தப் பிணை பருவத்துக்கு வந்திருக்கிறது என்று தேடும்.

ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். எதிர்ச் சரிவில் பதினொரு பிணைகள், கூடவே இரண்டு இளங்கிடாக்கள். ஒரு மணி நேரம் கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஓரத்தில் நின்ற பிணை மேய்வதை நிறுத்திவிட்டு ஜூனிபர் புதர் பக்கம் காதைத் திருப்பியது. இளங்கிடாக்கள் இரண்டும் மெதுவாக விலகிப் போயின. அப்புறம்தான் அது வந்தது. கழுத்தை நீட்டி, தலையைத் தரையோடு தாழ்த்தி, மோப்பம் பிடித்துக்கொண்டு. பிணை சிறுநீர் விட்டிருந்த இடத்தில் மூக்கை வைத்தது. பிறகு தலையை நிமிர்த்தி, மேலுதட்டைச் சுருட்டி, வாய் திறந்தபடி அசையாமல் நின்றது. மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. பிணை பருவத்துக்கு வந்துவிட்டதா என்பதை அந்த மணத்தை வைத்துத்தான் அது தெரிந்துகொள்கிறது. வரவில்லை போலிருக்கிறது. பத்து நிமிடத்தில் மேடு தாண்டிப் போய்விட்டது.

அதனால், கிடா இல்லாத கூட்டத்தைப் பார்த்து "இங்கே ஒன்றுமில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு பிணை பருவத்தில் இருப்பது ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். நேற்றுக் காலியாக இருந்த கூட்டத்தில் இன்று மாலை பெரிய கிடா நிற்கலாம். நான்கைந்து கூட்டங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, காலையும் மாலையும் அவற்றையே சுற்றிவாருங்கள். ஐந்து நாள் சீசனில் புது இடம் தேடி அலைவது வீண்.

இந்த வருடம் பனியே இல்லை. ரட் தள்ளிப்போகுமா?

போகாது. ரட்டைத் தொடங்கிவைப்பது பகல் பொழுதின் நீளம். ராக்கி மலைப் பகுதியில் நவம்பர் நடுவில் சூடுபிடித்து டிசம்பர் தொடக்கம் வரை நடக்கும். வெயில் அடித்தாலும் பனி கொட்டினாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. பிணை ஏறக்குறைய ஏழு மாதம் சுமந்து ஜூனில் ஈன வேண்டும். அப்போதுதான் குட்டிக்குப் பச்சைத் தீனி இருக்கும். பனி தீர்மானிப்பது மான்கள் எவ்வளவு கீழே இறங்கும் என்பதை மட்டும். பனி இல்லாத வருடத்தில் இரண்டாயிரம் அடி மேலே போய்த் தேடுங்கள். வெக்கையான நாளில் கிடா பகலில் நிழலில் படுத்துவிடும் என்பதால், விடியற்காலையையும் அந்தி நேரத்தையும் தவறவிடாதீர்கள். அரிசோனாவின் பாலைவனத்து மியூல் மான்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அங்கே ரட் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வரும்.

எங்களிடம் இரண்டே பாயிண்ட்தான் இருக்கிறது. விண்ணப்பித்துப் பிரயோசனம் உண்டா?

எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது. கொலராடோவில் 1999 முதல் எல்லா மான் டேக்கும் குலுக்கல் வழியாகத்தான். அதிகப் பாயிண்ட் வைத்திருப்பவருக்கு முதலிடம். விண்ணப்பத்தில் நான்கு விருப்பம் எழுதலாம். முதல் விருப்பம் கிடைத்தால் மட்டுமே பாயிண்ட் கழியும். அதனால் முதல் விருப்பத்தில் எட்டாத யூனிட்டை (வேட்டைப் பகுதியை) எழுதி, இரண்டாவதில் கிடைக்கக்கூடியதை எழுதுபவர்கள் உண்டு. நல்ல வழிதான். ஆனால் ரட் சமயத்து நல்ல யூனிட்டுகள் இரண்டாவது விருப்பம் வரை மிஞ்சுவது அரிது.

யூட்டாவின் லிமிடெட் என்ட்ரி, அதாவது குறைவாகவே டேக் கொடுக்கும் யூனிட்டுகளில் பாதி டேக் அதிகப் பாயிண்ட்காரர்களுக்கும், மீதிப் பாதி பொதுக் குலுக்கலுக்கும் போகும். உங்களுக்கும் வாய்ப்பு இருக்கிறது, சிறியது. ஐடஹோவிலும் நியூ மெக்சிகோவிலும் மானுக்குப் பாயிண்டே கிடையாது. புதிதாக வருபவரும் இருபது வருடமாக விண்ணப்பிப்பவரும் அங்கே ஒன்றுதான். விதிகள் அடிக்கடி மாறும், அந்தந்த வருடக் கையேட்டைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கொலராடோவுக்குக் கடைசித் தேதி ஏப்ரல் முதல் செவ்வாய் வாக்கில் வரும்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன் சார். ரைபிள் வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி உண்டா?

நம்மவர்கள் நிறையப் பேர் கேட்கும் கேள்வி, கவனமாகப் படியுங்கள். எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அதில் ஒரு விதிவிலக்கு, ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் சட்டப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. உரிமம் முடிந்த மறுநாள் துப்பாக்கி உங்கள் அலமாரியில் இருந்தாலே குற்றம். கடன் வாங்கிய துப்பாக்கிக்கும் இதே சட்டம்தான். விசா விஷயத்தில் விளையாட முடியாது, முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். உரிமம் வாங்குவதற்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோருக்கும் அது கட்டாயம்.

கொம்புகளை மோதி ஒலி எழுப்பினால் கிடா வருமா? கடையில் விற்கும் பிணை மூத்திரம் தெளிக்கலாமா?

எப்போதாவது வரும். இவை வெள்ளைவால் மானுக்கு உகந்த உத்திகள். மியூல் மான் திறந்த வெளியில் கண்ணால் பார்த்துத் தேடும் பிராணி. பாட்டிலுக்குச் செலவிடும் பணத்தைச் சேர்த்து நல்ல முக்காலி வாங்குங்கள். பைனாகுலரை முக்காலியில் பொருத்திப் பார்த்தால், கையில் பிடித்துப் பார்க்கும்போது தப்பிய காதும் கொம்பு நுனியும் கண்ணில் படும். அப்புறம் காற்று. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி ஓடும். வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். அது திரும்பும் அந்த அரைமணி நேரம் எழுந்து நடக்காதீர்கள். கிடா மெய்மறந்து திரியலாம், கூடவே நிற்கும் பத்து பிணைகளின் மூக்கு மறக்காது.

இணைசேரும் காலத்தில் கிடாவைச் சுடுவது பாவமில்லையா? இனம் அழிந்துவிடாதா?

நேர்மையான கேள்வி. ரட்டில் கிடா எச்சரிக்கையை மறக்கிறது. தீனியைக்கூட மறந்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழக்கிறது. அதைச் சுடுவது எளிது என்பதால்தான் இந்தச் சீசனுக்கு டேக்கைக் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். எல்லோரையும் நவம்பர் கடைசியில் மலையேற விட்டால் முதிர்ந்த கிடாக்கள் மிஞ்சாது. சீசன் முடிந்ததும் டிசம்பர் வாக்கில் ஹெலிகாப்டரில் பறந்து நூறு பிணைக்கு எத்தனை கிடா என்று எண்ணுகிறார்கள். அதை வைத்துத்தான் அடுத்த வருட டேக் எண்ணிக்கை அமைகிறது. ஒரு கிடா பல பிணைகளோடு சேரும் என்பதால், சில கிடாக்கள் குறைவதால் குட்டிகள் குறைவதில்லை.

கூட்டத்தை உண்மையில் அழிப்பது வேறு. 2022-23 குளிர்காலத்தில் வடமேற்குக் கொலராடோவிலும் மேற்கு வயோமிங்கிலும் பனி இறுகிப்போய், தீனி கிடைக்காமல் மான்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அடுத்த வேட்டைப் பருவத்துக்கு அங்கே டேக்குகளைக் குறைத்தார்கள், நானும் என் விண்ணப்பத்தை வேறு பக்கம் மாற்றினேன். மாறாக, வேட்டையையும் ஊனுண்ணிகளையும் சேர்த்தே ஒழித்த அரிசோனாவின் கைபாப் பீடபூமியில் 1920களில் மான்கள் மிதமிஞ்சிப் பெருகி, தின்ன ஏதுமின்றிப் பட்டினியால் மடிந்தன. வேட்டையே கூடாது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. இந்தியாவில், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை இல்லாத நாட்டில் வளர்ந்தவன் நான். முதல் மானின் பக்கத்தில் மண்டியிட்டபோது என் கை நடுங்கியது. இன்றும் நடுங்குகிறது.

கொம்பைப் பார்த்து வயதைச் சொல்ல முடியுமா?

முடியாது. உடலைப் பாருங்கள். இரண்டு, மூன்று வயதுக் கிடாவுக்குக் கால் நீளமாகவும் வயிறு ஒட்டியும் தெரியும். ஐந்து வயதுக்கு மேல் மார்பு ஆழமாகி, வயிறு தொங்கி, கால் குட்டையானதுபோல் இருக்கும், முகம் நரைத்திருக்கும். ரட்டில் இளங்கிடாவுக்கும் கழுத்து வீங்கும் என்பதால் கழுத்தை நம்பாதீர்கள். விறைத்து நிற்கும் காதுகளின் நுனிக்கு நுனி ஏறக்குறைய 20 முதல் 22 அங்குலம், கொம்பின் அகலத்தை மதிப்பிட அது போதும். சந்தேகமாக இருந்தால் சுடாதீர்கள். குறி வைக்கும்போது பின்னால் பிணை நிற்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள், ரட்டில் எப்போதும் ஒன்று நிற்கும்.

ரட் கிடாவின் கறி நாறும் என்கிறார்கள். வீட்டில் சமைக்க விடமாட்டேன் என்கிறாள் மனைவி.

முறையாக எடுத்த கறி நாறாது. பின்னங்காலின் மடக்கில், உட்புறம், மயிர்க்கற்றை ஒன்று இருக்கும். கிடா அதன்மேல் சிறுநீர் விட்டு இரண்டு காலையும் சேர்த்துத் தேய்க்கும். ரட்டில் அந்த இடம் கறுத்து, பிசுபிசுத்து, மூக்கைத் துளைக்கும். அங்கே கை வைக்காதீர்கள், கத்தி பட்டால் அந்தக் கத்தியால் கறியைத் தொடாதீர்கள். பாதி நாற்றம் இப்படித்தான் கறிக்கு வருகிறது. மீதி, உடல் சூடு ஆறத் தாமதிப்பதால். டேக்கில் கையெழுத்திட்ட கையோடு குடலை எடுத்து, தோலை உரித்து, தொடைகளைத் துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். கன்னிசன் விடியலில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி வரை போகும், மலையே ஃப்ரிட்ஜ்தான்.

வீட்டுக்கு வந்ததும் கொழுப்பு முழுவதையும் அரிந்து எறியுங்கள். ஆட்டுக்கொழுப்புபோல இது ருசி தராது, மெழுகுபோல அண்ணத்தில் ஒட்டும். வெள்ளைச் சவ்வையும் எடுத்துவிடுங்கள். முதுகுக்கறியை மிளகு, சீரகம் பிரட்டி இரும்புச் சட்டியில் சில நிமிடம் புரட்டினால் போதும். அதிகம் வெந்தால் ரப்பர். சப்பைக்கறிக்கும் கால்கறிக்கும் குக்கரில் எட்டு, பத்து விசில் வையுங்கள். தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தால் உங்கள் மனைவியே இன்னும் கேட்பார்.

சமைப்பதற்கு முன் ஒன்று கட்டாயம். தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சிடபிள்யூடி என்ற மூளை நோய் 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில், அடைத்து வளர்த்த மியூல் மான்களிடம்தான் முதலில் கண்டறியப்பட்டது. பிணைகளைவிடக் கிடாக்களுக்கே அதிகம் வருகிறது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனால் அதை உண்டாக்கும் பிரியான் என்ற உருக்குலைந்த புரதம் சமையல் சூட்டில் அழியாது. முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வையுங்கள், நோய் உண்டு என்று வந்தால் சாப்பிடாதீர்கள். மூளை, முதுகுத்தண்டைத் தொடவே வேண்டாம்.

கடைசி நாள் மாலை வரை பெரிய கிடா கிடைக்கவில்லை என்றால், சின்னதைச் சுடலாமா, வெறுங்கையோடு திரும்பலாமா?

மலைக்குப் போகும் முன், வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்தி மங்கும்போது, பாயிண்டெல்லாம் போயிற்றே என்ற பதைப்பில் எடுக்கும் முடிவு சரியாக வராது. இரண்டுமே சரிதான். ஆறு வருடம் காத்திருந்து வாங்கிய டேக்கில் நான் ஐந்து நாளும் ஒரே ஒரு முதிர்ந்த கிடாவைத்தான் பார்த்தேன், அதுவும் 700 கஜத்துக்கு அப்பால், பிணையைத் துரத்திக்கொண்டு. அவ்வளவு தூரத்தில் நான் சுடுவதில்லை. கடைசி மாலை, வெளிச்சம் போகப் பத்து நிமிடம் இருக்கும்போது, கொம்பில் பக்கத்துக்கு இரண்டே கிளை விட்ட இளங்கிடா ஒன்று நாற்பது கஜத்தில் வந்து நின்று என்னைப் பார்த்தது. வீட்டில் ஃப்ரீசர் காலியாக இருந்தது, கறிக்காகச் சுடுவேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். சுட்டேன். மார்ச் வரை அந்தக் கறிதான் சாப்பிட்டோம்.