நிற்காத இன்ஜின்

ஐயா,
நான் கீழக்கரை. மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு. பாக்டீரியா தன்னைக் காத்துக்கொள்வதும் புரதத்தால், புற்றுக்கட்டி வளர்வதும் புரதத்தால் என்று ஒரே வாரத்தில் இரண்டு பாடம் நடந்தது. எது நல்ல புரதம், எது கெட்ட புரதம்? உம்மாவுக்குக் குடலில் கட்டி. முதல் கீமோ முடிந்தது. கெட்ட புரதம்தான் காரணமா? பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா? தமிழில் இதையெல்லாம் படிக்க என்ன புத்தகம் இருக்கிறது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

சாறு விஷயம் முதலில். டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டுகூட வேண்டாம். அவ்வளவுதான்.

அப்புறம், மைக்ரோபயாலஜி படிக்கிற பிள்ளை 'கெட்ட புரதம்' என்று எழுதலாமா? புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதற்குக் குணம் கிடையாது, மடிப்புதான் உண்டு. அணுவோடு அணு இடிக்காமல் அந்தச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம் என்று 1963இல் கணக்கிட்டுக் காட்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு. இடிக்கிறதா, இடிக்கவில்லையா. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பென்சிலினின் வளையத்தை வெட்டிப் போடுகிற பாக்டீரியா நொதியைப் பற்றி (அதுவும் புரதம்தான்) ஆபிரகாம், செயின் என்ற இரு விஞ்ஞானிகள் எழுதியது 1940இல். மருந்து கடைக்கு வரும் முன்பே கத்தரிக்கோல் இருந்தது. நம்மேல் பகை கொண்டு செய்ததல்ல. வைரஸை வெட்டும் பாக்டீரியாவின் கிரிஸ்பரை உங்கள் வாத்தியார் நடத்தியிருப்பார், விடுங்கள்.

உங்கள் லேபில் பாக்டீரியா வளர்க்கும் அகார் எதிலிருந்து வருகிறது தெரியுமா? பாம்பன் பக்கம் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, தீவோரப் பாறையில் பிடுங்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகார் எடுக்கிறார்கள். என் சித்தி இருபது வருஷம் பிடுங்கினாள். அவளுக்குக் கட்டி வந்தபோது தெருவே சொன்னது: "என்ன பாவம் செஞ்சாளோ." உங்கள் 'கெட்ட'வில் அந்தக் குரல் கேட்டது. கோபம் அதனால்தான், மகளே.

ஒருநாள் அப்பாவின் நாட்டுப்படகு கரைக்கு வந்தும் இன்ஜின் நிற்கவில்லை. ஆஃப் செய்யும் லிவரை இழுக்கிறார், அசையவே இல்லை. பலகை அதிர, புகை கறுப்பாகக் கக்குகிறது. கடைசியில் ஈரச்சாக்கைச் சுருட்டி, காற்று இழுக்கும் வாயில் அமுக்கிப் பிடித்தார். இருமி இருமி நின்றது. பிறகு பார்த்தால் லிவரின் அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வலை நூல் சுருண்டு கிடந்தது. இன்ஜினில் வேறொரு பழுதும் இல்லை. மறுநாள் அதே இன்ஜினில்தான் கடலுக்குப் போனார்.

ராஸ் என்று ஒரு புரதம். ஜிடிபி (GTP) என்ற சிறு மூலக்கூறு ஒட்டியிருக்கும்வரை செல்லுக்கு 'வளர்' என்று சொல்லும். அந்த ஜிடிபி வெட்டப்பட்டால் அணையும். ராஸ் சங்கிலியின் 12ஆவது இடத்தில் இருப்பது கிளைசின், அமினோ அமிலங்களிலேயே சின்னது. சிறுநீர்ப்பைப் புற்று செல் ஒன்றில் அந்த இடத்தில் வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் இருப்பதை 1982இல் கண்டார்கள். டிஎன்ஏவில் மாறியது ஒரே எழுத்து. வேலின் கொஞ்சம் பருமன், இடிக்கிறது. வெட்ட உதவும் துணைப் புரதத்தின் விரல் உள்ளே நுழைய இடமில்லை. சுவிட்ச் அணைவதில்லை. இதில் பாவம் எங்கே இருக்கிறது? நீங்கள் உம்மா வயிற்றில் வளர்ந்தபோதும் 'வளர்' என்று சொன்னது இதே ராஸ் குடும்பம்தான்.

குடல் கட்டிகளில் பத்துக்கு ஏறக்குறைய நான்கில், ராஸ் குடும்பத்தில் ஒன்றான கேராஸ் (KRAS) மாறியிருக்கும். உம்மாவின் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரி இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்; எந்த மருந்து பிடிக்கும், எது பிடிக்காது என்பதை அதை வைத்தும் பார்ப்பார்கள். 12இல் கிளைசினுக்குப் பதில் சிஸ்டீன் வந்துவிட்ட வகையை நேராகப் பிடிக்கும் முதல் மருந்து, சோட்டோராசிப், நுரையீரல் புற்றுக்கு அனுமதி பெற்றதே 2021இல்தான். ஏறக்குறைய நாற்பது வருஷம்! சித்தி அதற்கு முன்பே போய்விட்டாள்.

கீமோ முடிந்து எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த நாட்களில் வெள்ளையணு குறையும். பாக்டீரியாவுக்கு வாசல் திறந்த மாதிரி. காய்ச்சல் வந்தால் வீட்டில் மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா?

புத்தகம் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். உம்மாவின் அடுத்த கீமோ முடிந்ததும் எழுதுங்கள், அப்போது சொல்கிறேன்.