காற்றும் கைட்டும்: வாசகர் கேள்விகள்

(கைட் எனும் பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று தண்ணீர்மேல் சறுக்கும் கைட்போர்டிங் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ராமேசுவரம் தீவில் பயிற்சி தரும் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ராமேசுவரத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டேன். எடை 72 கிலோ. ஒரே ஒரு கைட் வாங்கத்தான் கையில் பணம் இருக்கிறது. எல்லாரும் ‘ஆல்ரவுண்டு வாங்கு’ என்கிறார்கள். தண்ணீரில் அது எப்படி நடந்துகொள்ளும்?
- வேளச்சேரி வாசகர்

பதில்: தாராளமாக வாங்குங்கள். ஆனால் எந்த மாடல் என்று யோசிக்கும் முன்னால், எத்தனை சதுர மீட்டர் என்று முடிவு செய்யுங்கள். ஆல்ரவுண்டு கைட் எல்லா வகை ஓட்டத்துக்கும் ஒத்துவரும், எல்லாக் காற்றுக்கும் ஒத்துவராது. இதை யாரும் கடையில் சொல்வதில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கைட்டின் இழுவை நான்கு மடங்காகிவிடும். 15 நாட் காற்று (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) 20 நாட் ஆனாலே இழுவை ஏறக்குறைய 1.8 மடங்கு. காலையில் சுகமாக இழுத்த அதே கைட் மதியம் உங்களைத் தூக்கி எறியப் பார்ப்பது இதனால்தான்.

உங்கள் எடைக்குச் சாதாரண போர்டில் 12 சதுர மீட்டர் கைட் சுமார் 14 முதல் 21 நாட் வரை நன்றாக வேலை செய்யும். 9 சதுர மீட்டர் சுமார் 18 முதல் 28 வரை. எங்கள் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்று நல்ல பலமாக அடிக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வீசும் வாடை பெரும்பாலும் அதைவிட மென்மையாக இருக்கும். நீங்கள் எந்தப் பருவத்தில் லீவு போட்டுவிட்டு வரப்போகிறீர்கள் என்பதை வைத்து அளவைத் தேர்ந்தெடுங்கள். வாடைக்கு வருபவர் என்றால் 12, கச்சானுக்கு வருபவர் என்றால் 9.

சரி, அது நடந்துகொள்ளும் விதம். பாரை (லைன்கள் எனும் இழுகயிறுகள் கட்டிய கைப்பிடித் தண்டை) உடம்புப் பக்கம் இழுத்தால் விசை கூடும், தள்ளினால் குறையும். எல்லாக் கைட்டிலும் இப்படித்தான் என்றாலும், அந்தக் கூடுதலும் குறைதலும் எப்படி வருகிறது என்பதில்தான் வித்தியாசம். பழைய ‘சி’ வடிவக் கைட்டில் பாரை எவ்வளவு தள்ளினாலும் பாதி இழுவை மிச்சம் இருக்கும். லெகெய்னு என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள்தான் காற்றடைத்த குழாயில் நிற்கும் கைட்டுக்கு 1984-இல் காப்புரிமை வாங்கியவர்கள். 2005 வாக்கில் அவர்களுடைய ‘போ’ (bow, வில்) வடிவம் கடைக்கு வந்த பிறகுதான், பாரைத் தள்ளினால் இழுவை கிட்டத்தட்ட முழுவதுமாக இறங்கும் நிலை வந்தது. இன்றைய ஆல்ரவுண்டுகள் இந்த இரண்டு வடிவங்களுக்கும் நடுவில் நிற்பவை. எஃப்-ஒன் பேண்டிட், நேஷ் பிவட் என்ற மாடல்கள் இரண்டும் இந்த வகைதான்.

நல்ல ஆல்ரவுண்டில் விசை படிப்படியாக ஏறும். தண்ணீரில் உட்கார்ந்தபடி கைட்டைக் கீழே வீசி எழும்பும்போது அது உங்களை வெடுக்கென்று பிடுங்காது, இழுத்துக்கொண்டே போகும். திடீர்க் காற்று வந்தால் பாரை ஒரு சாண் தள்ளினால் போதும். மேலும், கைட் எங்கே இருக்கிறது என்பது பாரின் கனத்திலேயே கையில் தெரியும், அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டியதில்லை. அலையையும் எதிரில் வரும் வள்ளத்தையும் பார்க்கக் கண் விடுபடும். இந்த ஒன்றுக்காகவே புதிதாக ஓட்டுபவர்களுக்கு நான் வேறு வகையைச் சொல்வதில்லை.

இந்த வகையிலும் சில கைட்டுகள் மற்றவற்றைவிட மந்தமாகத் திரும்பும். 12 சதுர மீட்டர் 9 மாதிரி சுழலாது, அதை எதிர்பார்க்கவும் கூடாது. வாங்கும் முன் இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். உச்சியில் நிறுத்தி, பாரிலிருந்து கையை எடுங்கள். கைட் அங்கேயே அமைதியாக நிற்க வேண்டும். முன்னால் ஓடி உங்கள் தலைக்கு மேல் சரிந்தால் அது உங்களுக்கான கைட் இல்லை.

கேள்வி: இரண்டு வருடமாக ஓட்டும் கைட். இப்போதெல்லாம் பாரை இழுத்தால் விசை வருவதற்குப் பதில் கைட் பின்வாக்கில் சரிந்து விழுகிறது. கைட் பழசாகிவிட்டதா?
- தூத்துக்குடி வாசகர்

பதில்: கைட்டைக் குறை சொல்லும் முன் லைன்களை அளந்து பாருங்கள். உங்கள் எடையின் பெரும்பகுதியைத் தாங்குவது நடுவில் இருக்கும் இரண்டு முன் லைன்கள். ஓட்ட ஓட்ட அவை நீளும், பின் லைன்கள் அவ்வளவு நீளாது. விளைவாக நீங்கள் பாரைத் தொடாதபோதே கைட் பாதி இழுத்த நிலையில் பறக்கும். அதற்கு மேல் இழுத்தால் மேல்பரப்பில் காற்று ஒட்டி ஓடாமல் பிய்ந்துபோகும், கைட் பின்னால் சாயும்.

நான்கு லைன் நுனிகளையும் ஒரே ஆணியில் மாட்டுங்கள். ட்ரிம் பட்டையை (முன் லைன்களின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) முழுவதும் விட்டுவிட்டு, பாரை இடுப்புக் கொக்கி வரை கொண்டுவந்து நிமிர்த்திப் பிடியுங்கள். நான்கும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். விரற்கடை வித்தியாசம் இருந்தாலே தண்ணீரில் தெரியும். முன் லைன்கள் நீண்டிருந்தால் பின் லைன் முடிச்சை ஒரு படி வெளியே தள்ளிக் கட்டுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

அளவு சரியாக இருந்தும் விழுகிறதா? காற்று குறைவான நாளில் பாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம். பயத்தில் கை தானாக உள்ளே இழுக்கும், என் மாணவர்களிடம் தினமும் பார்க்கிறேன். இழுவை குறைந்தால் பாரைக் கொஞ்சம் வெளியே விட்டு, கைட்டை மேலும் கீழுமாக ஓட்டுங்கள். நகரும் கைட்தான் இழுக்கும்.

கேள்வி: மூன்று ஸ்ட்ரட்டா, ஐந்து ஸ்ட்ரட்டா?
- கோவை வாசகர்

பதில்: ஸ்ட்ரட் என்பது முன்விளிம்பிலிருந்து பின்னோக்கிப் போய்த் துணியை விறைப்பாகப் பிடிக்கும் காற்றுக் குழாய். மூன்று ஸ்ட்ரட் இருந்தால் எடை குறைவு, லேசான காற்றிலும் மிதக்கும், பம்ப் அடிக்கும் வேலையும் கொஞ்சம் மிச்சம். ஐந்து இருந்தால் பலத்த காற்றில் துணி படபடக்காமல் வடிவம் நிற்கும். ஒரே ஒரு கைட் என்றால் மூன்று.

கேள்வி: இலங்கையில், கற்பிட்டியில் ஓட்டுகிறேன். என் நண்பனிடம் நீளமாக, ஒடுக்கமாக இருக்கும் கைட் இருக்கிறது. அவன் குதித்தால் காற்றிலேயே தங்குகிறான், நான் சட்டென்று இறங்கிவிடுகிறேன். கைட்டை மாற்றட்டுமா?
- புத்தளம் வாசகர்

பதில்: உங்கள் நண்பரின் கைட்டுக்கு அகலத்தைவிட நீளம் மிக அதிகம். கிளைடர் விமானத்தின் இறக்கை அப்படித்தானே இருக்கிறது? எதிர்க்காற்றில் நன்றாக ஏறும், குதித்தால் மெதுவாக இறக்கும். ஆனால் திரும்ப நேரம் எடுக்கும், தப்பான நேரத்தில் பாரை இழுத்தால் மன்னிக்காது, தண்ணீரில் விழுந்தால் எழுப்பவும் சிரமம். ஆல்ரவுண்டில் அந்த மிதப்பு குறைவு என்பது உண்மை. அதற்குப் பதிலாக, இறங்கும் நேரத்தில் கைட்டை முன்னால் வீசினால் உடனே வந்து உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

மாற்றும் முன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். குதிப்பதற்காகக் கைட்டைப் பின்னால் வீசும்போது போர்டின் விளிம்பைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்திருக்கிறீர்களா? முன்கூட்டியே விட்டுவிட்டால் லைனில் இறுக்கம் போய்விடும், எந்தக் கைட்டும் தூக்காது. மேலே போனபிறகு பாரை உள்ளேயே வைத்திருக்கிறீர்களா? உயரத்தைப் பார்த்ததும் பலர் பாரைத் தள்ளிவிடுகிறார்கள், இழுவை போய் நேராகக் கீழே வருகிறார்கள். கற்பிட்டிக் களப்பு மாதிரித் தட்டையான தண்ணீர் கிடைப்பது பெரிய வரம். இந்தப் பருவம் முழுவதும் அங்கே இதே கைட்டில் இதை மட்டும் பழகுங்கள். அதற்குப் பிறகும் மிதப்பு போதவில்லை என்று தோன்றினால் மாற்றுங்கள், நான் தடுக்கமாட்டேன்.

கேள்வி: என் மகன் வார விடுமுறையில் தனுஷ்கோடிப் பக்கம் போய்விடுகிறான். நடுக்கடலில் அந்தப் பட்டம் விழுந்துவிட்டால் என்ன ஆகும்? எனக்கு நெஞ்சு பதைக்கிறது.
- மதுரை வாசகி

பதில்: உங்கள் பதைப்பு எனக்குப் புரிகிறது அம்மா. முதலில் ஆறுதலான செய்தி. அந்தப் பட்டத்தின் முன்விளிம்பு காற்றடைத்த குழாய், அதனால் முழுகாது. மகன் வைத்திருப்பது ஆல்ரவுண்டு வகை என்றால், ஒரு பக்கத்துப் பின் லைனை மட்டும் பிடித்து இழுத்தால் அது புரண்டு ஓரத்துக்குப் போய்த் தானாக எழும்பும். காற்று போதுமான அளவு இருந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. எழும்பவே இல்லை என்றால் இடுப்பில் இருக்கும் அவசர விடுவிப்பைத் தள்ள வேண்டும். பட்டம் ஒரே ஒரு லைனில் தொங்கி இழுவையை இழந்துவிடும். பிறகு லைனைச் சுற்றிக்கொண்டு பட்டத்திடம் போய், அதையே மிதவையாகப் பிடித்துக்கொண்டு கரைக்கு வரலாம். இதை நாங்கள் ஆரம்பப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிறோம்.

ஆனால் ஒன்றை நீங்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். தனுஷ்கோடியில் இரண்டு பக்கமும் கடல். பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் எங்கள் மீனவர்கள் சொல்வார்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் பெண் கடல் குளம் மாதிரி அமைதியாகக் கிடக்கும், பார்த்தாலே இறங்கத் தோன்றும். அங்கே அப்போது காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். பட்டம் எழும்பாமல் போனால் ஆள் உள்ளேதான் போவான். ‘காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, படகோடு யார் நிற்கிறார்கள்’ என்று மகனிடம் கேளுங்கள். படகு இல்லை என்றால் அந்தப் பக்கம் இறங்கவே வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மா சொன்னால் கேட்பார்கள்.

கேள்வி: கைட்டை எப்படிப் பராமரிப்பது?
- சென்னை வாசகர்

பதில்: நம் ஊரில் கைட்டை அழிப்பது வெயில். ஓட்டி முடித்ததும் காற்றோடு மணலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரிந்து பிளாடர் எனும் உட்குழாய் தெறித்துவிடும், துணியும் படபடத்தே நைந்துபோகும். காற்றை இறக்கி நிழலில் சுருட்டி வையுங்கள். நல்ல தண்ணீர் கிடைத்தால் பாரையும் விடுவிப்பையும் கட்டாயம் அலசுங்கள், மணல் புகுந்த விடுவிப்பு அவசரத்தில் திறக்காது. அப்புறம், அடுத்த முறை இறங்கும்போது பம்பில் கஞ்சத்தனம் வேண்டாம். நடுத்தர அளவுக் கைட்டுக்கு 7 முதல் 8 பிஎஸ்ஐ வரை அடியுங்கள்.