செஸ்டர் ஆர்தர் திருந்தினாரா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

கட்சிக்காரர்களுக்கு அரசு வேலைகளைப் பங்குபோட்டுக் கொடுத்தே வளர்ந்தவர் அமெரிக்காவின் செஸ்டர் ஆர்தர். அதிபரானதும் அவரே, தேர்வு வைத்து வேலை கொடுக்கும் பெண்டில்டன் சட்டத்தில் 1883இல் கையெழுத்துப் போட்டார். அவருக்குமுன் அதிபராக இருந்த கார்ஃபீல்டின் கொலை அவரைத் திருத்திவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

ச.

அன்புள்ள ச.,

கொலை அவரை உலுக்கியது உண்மை. 1881 ஜூலை 2 அன்று கார்ஃபீல்டைச் சுட்ட கிட்டோ, தான் ஸ்டால்வர்ட் கோஷ்டி (குடியரசுக் கட்சிக்குள் வேலைப் பங்கீட்டை விடாமல் பிடித்திருந்தவர்கள்) என்றும் இனி ஆர்தர்தான் அதிபர் என்றும் சொன்னான். அப்போது துணை அதிபராக இருந்த ஆர்தரும் அதே கோஷ்டி. ஊரே அவரைச் சந்தேகத்தோடு பார்த்தது. ஆனால் ஒருவர் மனம் மாறினால் மட்டும் சட்டம் வந்துவிடாது.

நியூயார்க் துறைமுகச் சுங்க அலுவலகத்திலிருந்து பாருங்கள். 1871இல் அதிபர் கிராண்ட் அவரை அங்கே கலெக்டராக்கினார், அதாவது சுங்கத் தலைமை அதிகாரியாக்கினார். நாட்டின் சுங்க வருவாயில் பெரும்பகுதி அங்கேதான் வசூலானது. ஆயிரம் பேருக்குமேல் வேலை. அந்த இடங்கள் ஸ்டால்வர்ட் தலைவரான செனட்டர் கான்க்ளிங்கின் ஆட்களுக்குப் போயின. தேர்தல் நெருங்கினால் அவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. இது போதாதென்று, அபராதத்திலும் அதிகாரிகளுக்குப் பங்கு இருந்தது. ஃபெல்ப்ஸ் டாட்ஜ் என்ற உலோக இறக்குமதி நிறுவனம் சுமார் 2,71,000 டாலர் அபராதம் கட்டியது. அரசுக்கு ஏற்பட்ட வரி இழப்போ அதில் மிகச் சிறு பகுதி. அந்தக் கூச்சலில்தான் 1874இல் பங்குமுறை ஒழிந்தது. 1878இல் அதிபர் ஹேய்ஸ் ஆர்தரைப் பதவியிலிருந்து தூக்கினார்.

அதிபரானபின் 1881 டிசம்பரில் காங்கிரசுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) அனுப்பிய செய்தியில்கூடப் போட்டித் தேர்வு பற்றி அவர் தயக்கம் காட்டினார். காங்கிரஸ் நிறைவேற்றினால் ஒப்புவேன் என்றார். விஷயத்தை நகர்த்தியது 1882 நவம்பர் தேர்தல். குடியரசுக் கட்சி பலமாக அடிவாங்கியது. அடுத்து ஜனநாயகக் கட்சி அதிபர் வந்தால் தங்கள் ஆட்கள் மொத்தமாக வெளியேற்றப்படுவார்களே என்ற பயம் பிடித்தது. பழைய காங்கிரஸ் கலைவதற்குள் மசோதா நிறைவேறியது. 1883 ஜனவரி 16 அன்று ஆர்தர் கையெழுத்திட்டார்.

சட்டம் முதலில் எட்டியது சுமார் பத்தில் ஒரு பங்கு வேலைகளைத்தான்: வாஷிங்டன் துறை எழுத்தர்கள், ஐம்பது பேருக்குக் குறையாத சுங்க, அஞ்சல் அலுவலகங்கள். மதிப்பெண்ணில் முன்னால் நிற்பவர்களிலிருந்து தேர்வு, அதன்பின் தகுதிகாண் காலம். கட்சி நிதி தரவில்லை என்பதற்காக யாரையும் நீக்கக் கூடாது. மூன்று ஆணையர்களில் இருவருக்குமேல் ஒரே கட்சியினர் இருக்க முடியாது. இங்கே ஆர்தருக்குப் பெருமை உண்டு: மசோதாவை வரைந்த டோர்மன் ஈட்டனையே ஆணையத் தலைவராக்கினார். ஒப்புக்குச் செய்பவர் அப்படிப்பட்டவரைத் தேடிப்போய் நியமிக்க மாட்டார்.

தேர்வு மூலம் நிரப்பும் வேலைகளின் பட்டியலை நீட்டும் அதிகாரம் அதிபரிடமே விடப்பட்டது. பின்வந்த அதிபர்கள் பதவி விலகும் நேரத்தில் தாங்கள் நியமித்தவர்களைக் காப்பாற்ற மேலும் பல வேலைகளை அதில் சேர்த்தார்கள். சுயநலத்தாலேயே சட்டம் வளர்ந்தது. ஓட்டையும் இருந்தது: சம்பள வசூல் அடைபட்டதும் கட்சிகள் பெரிய நிறுவனங்களிடம் கையேந்தின.

மனமாற்றத்துக்குத் தடயம் வேண்டுமென்றால் ஜூலியா சாண்டின் கடிதங்களைப் படியுங்கள். அறிமுகமே இல்லாத அந்தப் பெண் 1881 ஆகஸ்ட் முதல் ஆர்தரைக் கடிந்தும் ஊக்கப்படுத்தியும் எழுதினார். அடுத்த ஆண்டு ஆர்தர் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். சாவதற்குமுன் தன் காகிதங்களில் பெரும்பகுதியை எரிக்கச் சொன்ன மனிதர், ஜூலியாவின் 23 கடிதங்களை வைத்திருந்தார்.

அன்புடன்,
ஆசிரியர்