அசிட்டைத் தொட மெல்லிய கையுறை போதுமா?

பற்றரிக்கு ஊற்றவும் வேறு வேலைகளுக்கும் கடும் அசிட்டைத் தொடவேண்டியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் போடும் மெல்லிய கையுறை போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. ஆனால் கையிலிருந்து யோசிக்கத் தொடங்கியதே பிழை. முதலில் கண்.

திருகோணமலையில் ஒரு பற்றரிக் கடையில் ஒன்பது வருடம் நின்றவன் நான். ஓட்டோ, லொறி, மீன்பிடிப் படகு என்று எல்லாப் பற்றரியும் வரும். தொடக்கத்தில் சாரமும் பாட்டாவும்தான் என் சீருடை. ஒருநாள் புனல் சரிந்து ஒரு துளி தெறித்தது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே பட்டது. அன்றைக்கே போய் கொகிள்ஸ், அதாவது கண்ணை முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, வாங்கினேன். மூக்குக்கண்ணாடி இதற்குக் கணக்கில்லை. நாலு பக்கமும் முகத்தோடு ஒட்டி, காற்றுத்துளை நேரே திறந்திராததாக இருக்கவேண்டும். கொரோனாக் காலத்தில் போட்டோமே, முகத்துக்கு முன்னால் தொங்கும் பிளாஸ்டிக் தடுப்பு, அது கொகிள்ஸுக்கு மேலேதான். தனியே போட்டால் கீழிருந்து தெறிப்பது உள்ளே போகும்.

இனிக் கையுறை. எந்த அசிட், என்ன செறிவு என்று தெரியாமல் வாங்காதீர்கள். பற்றரி அசிட் சுமார் 35 வீதச் சல்பூரிக்கமிலம், அதற்குத் தடித்த நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை றப்பர்) கையுறை தாங்கும். 98 வீதம் என்றால் மெல்லிய நைட்ரைல் சில நிமிடங்களில் கெட்டுவிடும், தடித்த நியோபிரீன் அல்லது பியூட்டைல் றப்பர் வேண்டும். செறிந்த நைத்திரிக்கமிலத்துக்கு நைட்ரைலை நம்பவே கூடாது. போடுமுன் காற்றை ஊதிப் பொத்தல் பாருங்கள்.

உடுப்புக்கு மேல் பிவிசி ஏப்ரன். காலுக்கு றப்பர் பூட்ஸ், காற்சட்டை பூட்ஸுக்கு வெளியே விழவேண்டும். உள்ளே செருகினால் வழிகிற அசிட் நேரே பாதத்துக்குத்தான் போகும். பருத்தித் துணி பட்டவுடன் ஒன்றும் காட்டாது. ஈரம் காயக் காயச் செறிவு கூடி, துவைத்த பிறகுதான் ஓட்டை தெரியும். என் ஜீன்ஸ்கள் சாட்சி.

வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதையெல்லாம் போட்டுக்கொண்டு நிற்பது நரகம், கழற்றி எறியத்தான் மனம் வரும். நாங்கள் கழற்றவில்லை, அசிட் கலக்கும் வேலையைக் காலை எட்டு மணிக்கு முன் மாற்றிக்கொண்டோம். கலக்கும்போது தண்ணீருக்குள் அசிட்டைத்தான் மெல்ல ஊற்றவேண்டும், மறுவளமாக அல்ல.

புகை வருகிற அசிட் என்றால் துணி மாஸ்க் வீண். அமில வாயுவுக்கான, மஞ்சள் பட்டை போட்ட ஈ (E) வகை வடிகட்டி உள்ள மாஸ்க் கேளுங்கள். துரு நீக்கும் திரவத்தில் ஐதரோபுளோரிக்கமிலம் இருந்தால் அதைப் பழக்கமில்லாமல் தொடவே வேண்டாம். பட்ட இடத்தில் நோவு சில மணித்தியாலம் கழித்தும் வரலாம், அதற்குத் தனியே கல்சியம் குளுக்கோனேற் ஜெல் தேவை.

அசிட் பட்டால் உடுப்பைக் கழற்றிக் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், கண் என்றால் இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு. கூடவே ஒருவர் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்கட்டும். எங்கள் கடையில் குழாயை நம்புவதில்லை. அசிட் கானைத் திறக்குமுன் பக்கத்தில் ஒரு பீப்பாத் தண்ணீரும் கோப்பையும் இருக்கும்.